ஃபர்னஸை அணைச்சது யாரு?

ஊர்ல இருக்கற மக்களுக்கு முதல்ல ஒரு சின்ன விளக்கம். ஃபர்னஸ்னா இரும்பு உருக்கற உலை இல்லீங்க. இந்தக் குளிர் ஊர்ல வீட்டுக்கு அடியில பேஸ்மெண்ட்னு ஒண்ணு இருக்கும். அதுல ஒரு மூலையில பீரோ சைஸுக்கு ஒரு தகரப் பொட்டி நிக்கும். கேஸை எரிச்சு, அந்தச் சூட்டுல காத்தைச் சூடாக்கி, தகரக் குழாய் வழியா எல்லா ரூமுக்கும் ஊதறது அதோட வேலை. வருஷத்துல ஆறு மாசம் அந்தப் பொட்டி தயவுலதான் குடும்பம் நடக்குது.

நம்ம ஊர்ல கரண்ட் போனா பாயைச் சுருட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடலாம். இங்க ஜனவரி மாசம் ஃபர்னஸ் நின்னா அப்படி எல்லாம் தப்பிக்க முடியாது. நான் இருக்கறது மினியாபோலிஸ் பக்கம். 2019 ஜனவரி 30ஆம் தேதி இந்த ஊர்ல மைனஸ் 28 பாரன்ஹீட் வரைக்கும் இறங்கிச்சு. நம்ம கணக்குல மைனஸ் 33 டிகிரி. அந்தக் குளிர்ல வீடு ஆறிப்போச்சுன்னா மனுஷனுக்கு மட்டுமில்ல, சுவருக்குள்ள போற தண்ணிக் குழாய்க்கும் ஆபத்து. உறைஞ்சா வெடிச்சிடும்.

போன ஜனவரில எங்க வீட்டு ஃபர்னஸ் நின்னு நின்னு எரிய ஆரம்பிச்சுது. முழுசா நின்னிருந்தாலாவது ஒரு தெளிவு இருந்திருக்கும். இது எரியும், அணையும், திரும்ப எரியும். நடுவுல ஒரு தடவை நல்லா ஓடும், "ஆஹா சரியாயிடுச்சு"ன்னு நாம மேல ஏறி வந்தா மறுபடியும் அதே கதை. ப்ரொடக்‌ஷன்ல மட்டும் வர்ற பக் மாதிரி, ஆள் பாக்கும்போது வராது.

அன்னிக்கு ராத்திரி வெளியில மைனஸ் 14 (இனிமே எல்லாம் பாரன்ஹீட்தான்). வீட்டுல அஞ்சு மாசக் குழந்தை. பேத்தியைப் பாக்க கோவில்பட்டியில இருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தாங்க. தெர்மோஸ்டாட்டை 70ல வெச்சிருக்கோம், அது காட்டறது 66. கொஞ்ச நேரத்துல 65. அப்புறம் 64.

"ஏங்க, கீழ டிக்குனு ஒரு சத்தம் வருது, உடனே நிக்குது. திரும்ப வருது, திரும்ப நிக்குது" அப்படின்னாங்க தங்கமணி. குழந்தைக்கு மேல ஒரு சட்டை, அதுக்கு மேல ஒரு சட்டை. அப்பா குரங்குக் குல்லா, மஃப்ளர் சகிதம் சோபாவுல. அம்மா மட்டும் "மார்கழிப் பனி மாதிரிதான இருக்கு"ன்னு எங்களைத் தேத்திக்கிட்டிருந்தாங்க.

கரண்ட்ல ஓடற ரெண்டு சின்ன ஹீட்டரை எடுத்து வெச்சேன். அப்பா EB-ல முப்பது வருஷம் வயர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். ஹீட்டருக்கு அடியில ஒட்டியிருந்த லேபிளைப் படிச்சுட்டு, "ஏலே, இது 1500 வாட்ஸ். உங்க ஊரு 120 வோல்ட்டுக்குப் பன்னெண்டரை ஆம்பியர் இழுக்கும். ரெண்டையும் ஒரே லைன்ல மாட்டிராத"ன்னார். 15 ஆம்பியர் பிரேக்கர். ஒண்ணை ஹால்லயும் ஒண்ணை பெட்ரூம்லயும் தனித்தனி லைன்ல மாட்டினோம். எல்லாரும் ஒரே ரூம்ல படுத்தோம்.

மறுநாள் காலையில ஒரு பெரிய கம்பெனிக்குப் போன் போட்டேன். பேர் வேண்டாம். வந்த ஆள் டார்ச் அடிச்சுப் பாத்தார், மொத்தம் பத்து நிமிஷம். ஃபர்னஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணார். நல்லா எரிஞ்சுது. அப்புறம் லேப்டாப்பைத் திறந்தார். "பதினாலு வருஷப் பழசு. உங்க வீட்டுக்கு இது சைஸும் பெருசு, அதனாலதான் அடிக்கடி அணையுது. உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட்டிருக்கலாம், கைக்குழந்தை வேற இருக்கு. புதுசு 6,200 டாலர். இன்னிக்கே கையெழுத்துப் போட்டா பத்து பர்சன்ட் தள்ளுபடி." வந்து பாத்ததுக்கு மட்டும் 129 டாலர்.

கைக்குழந்தைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், பெத்தவன் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுவான். தங்கமணி என்னைப் பாக்கறாங்க. நான் அப்பாவைப் பாக்கறேன். "யோசிச்சு சொல்றோம்"னு அனுப்பிட்டோம். அவர் கார் தெருமுனை தாண்டறதுக்குள்ள ஃபர்னஸ் அணைஞ்சுது.

அப்பா அப்ப ஒரு விஷயம் சொன்னார். "எங்க லைன்ல பீஸ் போச்சுன்னு கம்ப்ளைண்ட் வரும். போய்ப் பாத்தா சில வீட்டுல பீஸ் கட்டையில தடியா ரெண்டு மூணு செம்புக் கம்பியை முறுக்கி வெச்சிருப்பானுவ. ஏன்டான்னு கேட்டா, அடிக்கடி போகுதுல்ல, அதான் போகாத மாதிரி கட்டிட்டேம்பான். பீஸ் போறது நோய் இல்லடே. எங்கயோ நோய் இருக்குன்னு அது சொல்லுது. இந்தப் பொட்டியை அணைக்கறது யாருன்னு முதல்ல பாரு. அவன் ஏன் அணைக்கான்னு அப்புறம் பாரு."

பொட்டி தட்டற எனக்கு இதைவிட நல்ல டிபக்கிங் பாடம் யாரும் சொன்னதில்லை. அன்னிக்கு லீவு போட்டுட்டு, ஆபீஸ் ஆணியை எல்லாம் தள்ளி வெச்சுட்டு, பேஸ்மெண்ட்ல ஒரு நாற்காலி போட்டு உக்காந்தேன். கையில ஸ்டாப் வாட்ச்.

கேஸ் ஃபர்னஸ் எரியறதுக்கு ஒரு வரிசை இருக்கு. இப்ப இருக்கற பெரும்பாலான மாடல்கள்ல அது இப்படித்தான்:

தெர்மோஸ்டாட் 24 வோல்ட் வயர் வழியா "சூடு வேணும்"னு கேக்கும். உடனே இன்டியூசர்ங்கற சின்ன ஃபேன் சுத்த ஆரம்பிக்கும். உள்ள மிச்சம் இருக்கற கேஸையும் புகையையும் வெளியே தள்ளறது அதோட வேலை. காத்து ஒழுங்கா இழுக்குதான்னு ப்ரெஷர் ஸ்விட்ச் பாத்து ஓகே சொல்லணும். அப்புறம் இக்னைட்டர் ஆரஞ்சு கலர்ல தகதகன்னு பழுக்கும். கேஸ் வால்வ் திறக்கும், நீல ஜ்வாலை வரும். ஜ்வாலை வந்துடுச்சுன்னு ஃப்ளேம் சென்சார் சில விநாடிக்குள்ள சாட்சி சொல்லணும். சொல்லலேன்னா வால்வை மூடிடும். சாட்சி கிடைச்சா, உள்ள சூடு ஏறினதும், பெரிய ஃபேன் வீட்டுக்குள்ள காத்தை ஊத ஆரம்பிக்கும். இது ஓடற நேரம் முழுக்க, உள்ள சூடு எல்லை மீறுதான்னு லிமிட் ஸ்விட்ச் காவல் இருக்கும்.

நம்ம பாஷைல சொன்னா, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு இஃப் கண்டிஷன். ஒண்ணு ஃபெயில் ஆனாலும் கேஸை மூடிட்டு வெளிய வந்துடும். ஆக, "ஃபர்னஸ் அணையுது"ன்னு பொதுவா சொல்றதுல பிரயோஜனமே இல்லை. எத்தனையாவது ஸ்டெப்ல, எத்தனையாவது விநாடியில அணையுதுங்கறதுதான் கேள்வி. அதுக்கு பதில் தெரிஞ்சா அணைச்சது யாருன்னு தெரிஞ்சுடும்.

கதவுல இருக்கற சின்னக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே குறிச்சேன். இன்டியூசர் சுத்துது. இக்னைட்டர் பழுக்குது. ஜ்வாலை வருது, அழகா, நீலமா, நேரா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. பொசுக். அணைஞ்சுது. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப முதல்ல இருந்து. திரும்பவும் அஞ்சு விநாடி. ஆறு தடவை பாத்தேன், நாலு தடவை அஞ்சு விநாடியில அணைஞ்சுது, ஒரு தடவை ஏழு, ஒரு தடவை மட்டும் பிடிச்சுக்கிட்டு நல்லா ஓடிச்சு. ஒரு தடவைகூட பெரிய ஃபேன் சுத்தும்போது அணையலை.

இப்ப சந்தேகக் கேஸுங்களை ஒவ்வொண்ணா விடுவிக்கலாம். ஃபில்டர் அடைப்பா இருந்தா? வாட்ஸாப் குரூப்ல எல்லாரும் சொன்னது அதைத்தான். ஃபில்டர் அடைச்சா சூட்டை வெளிய தள்ள காத்து போதாம, சில நிமிஷம் எரிஞ்ச பிறகு லிமிட் ஸ்விட்ச் அணைக்கும். அஞ்சு விநாடியில லிமிட்டுக்குச் சூடே ஏறாது. தவிர ஃபில்டர் மாத்தி ரெண்டு வாரம்தான் ஆகுது. வெளியில புகைக்குழாய் பனியில மூடியிருந்தா? அப்ப ப்ரெஷர் ஸ்விட்சே ஓகே சொல்லியிருக்காது, ஜ்வாலை வர்ற கட்டமே வராது.

கம்பெனிக்காரர் சொன்ன "சைஸ் பெருசு"? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். வீட்டுக்குத் தேவைக்கு மேல பெரிய ஃபர்னஸ் அடிக்கடி நின்னு எரியறது வாஸ்தவம்தான். சட்டுனு வீட்டைச் சூடாக்கிட்டு நின்னுடும். ஆனா அது இளங்குளிர்ல, அக்டோபர், ஏப்ரல் மாதிரி மாசத்துலதான் ரொம்பத் தெரியும். மைனஸ் 14ல வீடு சூட்டை இழந்துக்கிட்டே இருக்கும், பெரிய ஃபர்னஸுக்கும் அப்பதான் நீளமா ஓட வேலை கிடைக்கும். அதோட, சைஸ் பெருசுன்னா வீடு 70 தொட்ட பிறகு நிக்கணும். எங்க வீடு 64ல நடுங்கிட்டு இருக்கு!

மிச்சம் இருக்கறது ஒரே ஆள். ஃப்ளேம் சென்சார்.

பேரு பெருசே தவிர, அது ஒரு மெல்லிசுக் கம்பி. ஜ்வாலைக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும். ஜ்வாலைக்குள்ள கரண்ட் பாயும்ங்கறது எனக்கு இஞ்சினியரிங் நாலு வருஷத்துல யாரும் சொல்லித்தராத விஷயம் (சொல்லித்தந்த அன்னிக்கு நான் கேண்டீன்ல இருந்திருப்பேன்னு தங்கமணி கமெண்ட்). கம்பியில ஏசி வோல்டேஜ் கொடுத்தா, ஜ்வாலையில இருக்கற அயனிகள் வழியா கரண்ட் பர்னருக்குப் போகும். பர்னரோட பரப்பு பெருசு, கம்பி சிறுசு. அதனால ஒரு பக்கமா அதிகமா பாயும். ஜ்வாலையே ஒரு டயோடு மாதிரி வேலை செய்யும்! அந்த டிசி கரண்ட் சில மைக்ரோ ஆம்பியர்தான், அதாவது ஒரு ஆம்பியரைப் பத்து லட்சமாப் பிரிச்சா அதுல சில பங்கு. அது வந்தா ஜ்வாலை இருக்குன்னு போர்டு நம்பும். வரலேன்னா, கேஸ் எரியாம உள்ள சேந்துக்கிட்டு இருக்கோன்னு பயந்து வால்வை மூடிடும். நியாயமான பயம். சேந்த கேஸ் திடீர்னு பத்திக்கிட்டா என்ன ஆகும்னு சமையல்கட்டுல நிக்கற யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வருஷக்கணக்கா ஜ்வாலையில வேகறதால அந்தக் கம்பி மேல கண்ணுக்குச் சரியாத் தெரியாத ஒரு படலம் ஏறும். அது கரண்டைக் கடத்தாது. ஜ்வாலை இருக்கு, சாட்சி சொல்ல வேண்டிய ஆளுக்குத்தான் கண்ணுல புரை!

அந்த ஆஃப், ஆன் மர்மமும் இங்கதான் அவிழ்ந்துது. இந்தப் போர்டு சில தடவை முயற்சி பண்ணும். எல்லாம் தோத்தா லாக் அவுட்னு சொல்லிட்டு, பல மாடல்கள்ல ஒரு மணி நேரம் போல, சும்மா உக்காந்துடும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அந்தக் கணக்கு அழிஞ்சு புதுசா முயற்சி பண்ணும். அதுல ஒண்ணு அதிர்ஷ்டவசமா பிடிச்சுக்கும். ரீஸ்டார்ட் பண்ணா சரியாகற எந்தப் பிரச்சனையும் சரியாகறதில்லை, ஒளிஞ்சுக்குது. பொட்டி தட்டறவங்க கொஞ்சம் நெஞ்சைத் தொட்டு ஒத்துக்கணும் :-)

போர்டுல ஒரு எல்இடி கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். எத்தனை தடவை கண்ணடிச்சா என்ன அர்த்தம்னு கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருப்பாங்க, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எங்க வீட்டுதும் ஜ்வாலைப் பக்கம்தான் கை காட்டிச்சு. லாக் ஃபைல் கண்ணெதிர்லயே இருந்திருக்கு, வந்த ஆள் அதைப் பாக்காமதான் லேப்டாப்பைத் திறந்திருக்கார்.

ஃபர்னஸுக்குப் பக்கத்துல லைட் சுவிட்ச் மாதிரியே ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைச்சேன். கேஸ் திருகையும் மூடினேன். ஆறட்டும்னு காத்திருந்தேன். ஒரே ஒரு ஸ்க்ரூ. கழட்டினா கம்பி கையோட வந்துடுச்சு. அப்பா டார்ச் பிடிச்சார், நான் மெல்லிசு ஸ்டீல் வுல்லால மெதுவாத் தேச்சேன். சாம்பல் பூத்த மாதிரி இருந்தது மங்கலா மினுங்க ஆரம்பிச்சுது. பீங்கான் பக்கம் அழுத்தாம, பேப்பரால துடைச்சு, திரும்ப மாட்டி, எல்லாத்தையும் திறந்துவிட்டோம்.

இன்டியூசர். ஆரஞ்சு. நீலம். அப்பாதான் எண்ணினார். அஞ்சு தாண்டிச்சு. பத்து தாண்டிச்சு. கொஞ்ச நேரத்துல பெரிய ஃபேன் "ஹூம்ம்ம்"னு கிளம்பிச்சு. மேல இருந்து அம்மா, "காத்து வருதுடா"ன்னு குரல் கொடுத்தாங்க. ராத்திரி பத்து மணிக்கு வீடு 70 தொட்டுது. அப்பா குல்லாவைக் கழட்டினார்.

கதையை இங்க முடிக்கலை. விரிசல்னு அந்த ஆள் ஒரு வார்த்தை போட்டுட்டுப் போனார் இல்லையா? அதை என்னால ஸ்டாப் வாட்ச் வெச்சு இல்லைன்னு நிரூபிக்க முடியாது. ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல விரிசல் இருந்தா கார்பன் மோனாக்சைடு வீட்டுக் காத்துல கலக்க வாய்ப்பு இருக்கு. அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மினசோட்டால படுக்கிற ரூமுக்குப் பத்து அடிக்குள்ள அதுக்கான அலாரம் இருக்கணும்னே சட்டம். எங்க அலாரம் வாயைத் திறக்கலை, இருந்தாலும் அடுத்த வாரம் தனியாத் தொழில் பண்ற ஒரு பெரியவரை வரவழைச்சேன். அவர் முதல்ல மீட்டரை மாட்டி ஜ்வாலைக் கரண்டை அளந்தார், 3.4 மைக்ரோ ஆம்பியர். நல்லா இருக்குன்னார். அப்புறம் கேமரா விட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரை ஒவ்வொரு வளைவாப் பாத்தார். விரிசல் இல்லை. ரூமுக்கு வர்ற காத்துல கார்பன் மோனாக்சைடு பூஜ்ஜியம். "ஒவ்வொரு வருஷமும் குளிர் வர்றதுக்கு முன்னாடி கம்பியைத் துடைங்க, இது இன்னும் சில வருஷம் ஓடும்"னுட்டு 95 டாலர் வாங்கிட்டுப் போனார். அப்பா அவருக்கு காபி போட்டுக் கொடுக்கச் சொன்னார். ரெண்டு பேரும் மீட்டரைப் பத்தி கையாலயே அரை மணி நேரம் பேசினாங்க.

உங்களுக்கும் பயன்படலாம்னு, நேரத்தை வெச்சு ஆளைப் பிடிக்கற கணக்கு:

1. ஜ்வாலையே வரலை, சின்ன ஃபேன் மட்டும் சுத்தி நிக்குது: ப்ரெஷர் ஸ்விட்ச் பக்கம் பாருங்க. வெளியில காத்து, புகைக் குழாய் வாயில பனி மூடியிருக்கலாம். தண்ணி வடியற குழாய் அடைச்சிருக்கலாம். இக்னைட்டர் பழுக்கவே இல்லைன்னா அது உடைஞ்சிருக்கலாம்.

2. ஜ்வாலை வந்து சில விநாடியில அணையுது: பெரும்பாலும் ஃப்ளேம் சென்சார்.

3. சில நிமிஷம் நல்லா எரிஞ்சு, ஜ்வாலை மட்டும் அணைஞ்சு, பெரிய ஃபேன் ஓடிக்கிட்டே இருக்குது, வீடு இன்னும் குளிருது: லிமிட் ஸ்விட்ச். ஃபில்டர் அடைப்பு, நிறைய ரூம்ல காத்து வர்ற வழியை மூடி வெச்சிருக்கறது, ஃபேன் பலவீனம்.

4. எல்லாம் ஒழுங்கா அணையுது, தெர்மோஸ்டாட் "போதும்"ங்குது, ஆனா உங்களுக்குக் குளிருது: தெர்மோஸ்டாட் மேல வெயிலோ சூடு காத்தோ படுதா பாருங்க. பேட்டரி, லூஸ் வயர் எல்லாம் பாருங்க. (உபரித் தகவல்: ஆல்பர்ட் பட்ஸ்ங்கறவர் 1886ல இதே மினியாபோலிஸ்ல, ரூம் குளிர்ந்தா நிலக்கரி அடுப்போட காத்து வழியைத் தானாத் திறக்கற கருவிக்குன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். பிற்காலத்துல ஹனிவெல் ஆனது அந்த வழியிலதான்.)

மணிக்கு மூணுல இருந்து ஆறு தடவை அணைஞ்சு எரியறது சாதாரணம், அதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். கேஸ் வாசனை வந்தா எதையும் நோண்டாம, ஒரு சுவிட்சைக்கூடத் தொடாம, வெளிய போய் போன் பண்ணுங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினாலும் அதேதான், எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போயிடுங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. லிமிட் ஸ்விட்சோ ப்ரெஷர் ஸ்விட்சோ அடிக்கடி அணைக்குதேன்னு, ரெண்டு வயரையும் சேத்து முறுக்கிட்டா ஃபர்னஸ் ஓடும்னு வீடியோல காட்டறாங்க. ஓடும்தான். பீஸ் கட்டையில தடிக் கம்பி முறுக்கின வீட்டுலயும் லைட் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துது.

டிஸ்கி: குளிர் ஊர்ப் பதிவர்களே, உங்க வீட்டு ஃபர்னஸ் எத்தனையாவது விநாடியில அணைஞ்சுது, கடைசியில யாரு பிடிபட்டான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. சென்னை மக்கள் வயித்தெரிச்சலை மட்டும் சொன்னா போதும் :-)